பாதிரி வண்டியின் இரண்டு பிடிகள்

கிளிநொச்சியில் வாய்க்கால் வெட்ட வந்த புல்டோசர் எதுவும் பாதி வழியில் மூச்சை நிறுத்தினால், ஆட்கள் முதலில் லோறன்சைத்தான் தேடுவார்கள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். யுத்தத்துக்குப் போய் எகிப்துப் பாலைவனத்தில் நாலு வருடம் வண்டி திருத்தும் பிற்றராக வேலை செய்துவிட்டு வந்தவன். திரும்பி வந்ததும் கடல் வேலையை விட்டான். குளத்து வேலைத்தளத்தின் இயந்திர முற்றத்தில் சேர்ந்து, அருளம்மாவைக் கலியாணம் கட்டி, கிளிநொச்சியிலேயே தங்கிவிட்டான். அவன் ஏன் கரைப் பக்கம் அதிகம் போவதில்லை என்று யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் இல்லை, போக்குவரவு குறைந்துவிட்டது என்று அருளம்மாவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவான். பாவசங்கீர்த்தனமும் செய்வான். கோபப்பட்டது, பொய்ச் சாட்டுச் சொல்லி லீவு எடுத்தது, வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றது என்று சில்லறைப் பாவங்களை வரிசையாகச் சொல்வான். ஒன்றை மட்டும் இருபத்தொரு வருடமாகச் சொல்லவில்லை. சொல்லாமல் நற்கருணை வாங்கிய ஒவ்வொரு ஞாயிறும் அதன்மேல் இன்னொரு பாவமாக ஏறிக்கொண்டே இருந்தது.

அறுபத்திநாலாம் ஆண்டு தை மாதம் எஞ்சினியர் சிற்றம்பலம் அவனைத் தன் குவாட்டர்சுக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலாந்தில் படித்தவர். மேசையில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் யுத்த டாங்கி ஒன்றை வைத்திருந்தார். அவருடன் படித்த ஒருவர் தபாலில் அனுப்பியது.

"லோறன்ஸ், நீர் யுத்தத்தில பீரங்கி வண்டியள் திருத்தினவர் எண்டு கேள்விப்பட்டன். டாங்கியின்ர உடம்பில மேல்மூடியைக் கழட்டிப்போட்டு, பெரிய பீரங்கியை ஏத்தி, தானாய் ஓடுற மாதிரிச் செய்த வண்டியள். தெரியுமே?"

"தெரியும் சேர்."

"இந்தச் சின்ன டாங்கி கடையில கிடைக்கும். அந்தப் பீரங்கி வண்டி எங்கையும் கிடையாது. இங்கிலாந்தில இப்பிடிச் சின்ன வண்டியள் செய்யிறதுக்கெண்டே சங்கம் வைச்சிருக்கிற ஆக்கள் தாங்களே துண்டு துண்டாய்ச் செய்து மாத்துறாங்கள். உம்மால ஏலுமே, இதை மாத்துறதுக்குத் தேவையான துண்டுகளைச் செய்ய?"

அவர் படமொன்றை நீட்டினார். லோறன்சுக்குப் படம் தேவைப்படவில்லை. மேலே திறந்த பெட்டி, முன்னால் துருத்தி நிற்கும் பீரங்கி, வலது மூலையில் கோயில் பிரசங்க மேடையைப் போல உயர்ந்து நிற்கும் வட்டத் தட்டி. அந்தத் தட்டியைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதற்குப் பாதிரி என்று பெயர் வைத்தார்கள். அவன் கையால் கழற்றிப் பூட்டிய பாதிரி வண்டிகள் முப்பதுக்கு மேல் இருக்கும்.

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கை அந்த டாங்கியைத் தூக்கி, சங்கிலிச் சக்கரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாப்பம் சேர்" என்றான்.

மூன்று வாரத்தில் முதற்பொதி தயாரானது. பெட்டிச் சுவர்களுக்கு பிஸ்கற் பேணித் தகரம். பீரங்கிக் குழாய்க்குப் பழைய குடைக்கம்பி. வட்டத் தட்டியை முதிரைக் கட்டையில் கடைந்து, அதைக் களியில் அழுத்தி அச்சு எடுத்து, வலையில் கட்டும் ஈயக்குண்டை உருக்கி வார்த்தான். மேலே திறந்த வண்டியானபடியால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். ஓட்டுநர் இருக்கை, குண்டுகள் அடுக்கும் பெட்டிகள், இருக்கைக்கு முன்னால் நிற்கும் இரண்டு பிடிகள் எல்லாம் வேண்டும். மொத்தம் முப்பத்தாறு துண்டு. ஒரு சிகரெட் பேணிக்குள் அடங்கியது. எதை எங்கே ஒட்டுவது என்று எஞ்சினியர் ஒரு தாளில் கீறி வைத்தார்.

பொதி கப்பலேறியது. சித்திரை பிறக்க முன்னம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இவ்வளவு துல்லியமாய் உள்வேலை செய்தவர் கட்டாயம் அந்த வண்டிக்குள் இருந்தவராய்த்தான் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இன்னும் நாற்பது பொதி கேட்டார்கள். எஞ்சினியர் அந்த வரியை இரண்டு தரம் சத்தமாக வாசித்துக் காட்டினார். லோறன்ஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூச்சம் என்று அவர் நினைத்தார்.

"நாப்பதும் நீர் தனியச் செய்யேலாது. என்ர மனுசி ஒரு ஆளைப் பிடிச்சுத் தந்திருக்கிறா. லேஸ் பின்னுற கை. ஊசி முனையில நெல்லு நிறுத்துவாவாம். பள்ளிக்கூடத்தில புதிசாய் வந்த ரீச்சர் நேசமலரின்ர தாய். உம்மட ஊர் ஆள்தான், ஜோசப்பின் எண்டு பேர்."

லோறன்ஸ் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

ஜோசப்பின் கிறகோரியின் பெண்சாதி. கிறகோரி லோறன்சோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன், ஒரே கூடாரத்தில் படுத்தவன். நாற்பத்திமூன்றில் எகிப்து வேலைத்தளத்திலேயே வண்டி நசுக்கிச் செத்துப்போனான். காலையிலேயே குடித்திருந்தான், சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்தான், வண்டி உருண்டது என்று விசாரணையில் எழுதப்பட்டது. அப்படி எழுதுவித்தது லோறன்சின் வாய். பட்டாளக் கடிதம் கரைக்கு வந்தது. யுத்தம் முடிந்து லோறன்ஸ் கிறகோரியின் ட்றங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, மெய்தானோ என்று ஊர் அவனைத்தான் கேட்டது. அவன் தலையை ஆட்டினான். கண்ணால் கண்டவன் தலையாட்டினால் ஊருக்கு வேறு சாட்சி எதற்கு? அன்றிலிருந்து ஜோசப்பின் குடித்துச் செத்தவன் பெண்சாதி, நேசமலர் குடிகாரன் மகள். நேசமலருக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தம் அந்தச் சொல்லிலேயே முறிந்ததாக அருளம்மா எங்கேயோ கேட்டு வந்து சொல்லியிருந்தாள். அன்று லோறன்ஸ் சாப்பிடவில்லை.

ஜோசப்பின் வந்தாள். வெள்ளைச் சேலை, நரை விழுந்த தலை, மெலிந்த நீண்ட விரல்கள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"லோறன்ஸ் அண்ணை, நீங்கள் எண்டு தெரிஞ்ச பிறகுதான் வரச் சம்மதிச்சனான். அவரின்ர பெட்டியை அவ்வளவு தூரம் சுமந்து வந்து தந்த ஆள். நான் மறக்கேல்லை."

அவன் இயந்திர முற்றத்துக் கொட்டிலில் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டான்.

வேலையில் அவள் அவனையே மிஞ்சினாள். குண்டூசியின் தலையைக் குறட்டால் நறுக்கி, சொல்லிய இடத்தில் சொல்லிய அளவுக்கு வளைப்பாள். எதையும் விளங்காமல் செய்யமாட்டாள். இது என்னத்துக்கு, இது எந்தப் பக்கம் பாக்கவேணும் என்று கேட்டுத்தான் கையை வைப்பாள். பிடிகள் செய்யத் தொடங்கிய அன்றும் கேட்டாள்.

"இந்த ரெண்டும் என்ன அண்ணை?"

"வண்டியைத் திருப்புறதும் நிப்பாட்டுறதும் இதாலதான். ரெண்டையும் பின்னுக்கு இழுத்து, இந்தக் கொளுக்கியில மாட்டிவிட்டால் வண்டி அசையாது. சரிவில விட்டாலும் மாடு படுத்த மாதிரிக் கிடக்கும்."

மேல்மாடியில் வேலை செய்பவன் கீழே போகிறவர்களைப் பாராமல் கல்லைப் போடுவது போல அவன் அதைச் சொன்னான். அவள் தலையசைத்து, எண்பது பிடிகளையும் வளைத்து முடித்தாள்.

அவள் பக்கத்தில் இருந்த இரண்டு மாதமும் லோறன்சுக்கு நெருப்பில் இருந்த மாதிரி. அவள் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டு வருவாள். "தின்னுங்கோ, அங்கத்தைய ருசி மறந்திருப்பியள்" என்பாள். அவன் கண் கலங்கத் தின்பான். உறைப்புக் கூடிப்போச்சோ என்று அவள் கேட்பாள். ஓம் என்பான்.

ஆனி மாதம் ஒரு பின்னேரம் எஞ்சினியர் கொட்டிலுக்கு வந்தார். ஒட்டி முடித்துப் பச்சை பூசிய சின்ன வண்டியொன்றை மேசையில் வைத்துவிட்டு ஜோசப்பினைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கள் கோயிலுக்குப் போற ஆள், உங்களுக்குச் சிரிப்பு வரும். இந்த மேடையைப் பாத்திட்டு வெள்ளைக்காரர் இந்த வண்டிக்குப் பிறீஸ்ற் எண்டு பேர் வைச்சவங்கள். பாதிரி வண்டி."

ஜோசப்பினின் கையிலிருந்த குறடு மேசையில் விழுந்தது. எஞ்சினியர் அதைக் கவனிக்கவில்லை. முரசுமோட்டை வாய்க்கால் பார்க்க ஜீப் காத்து நிற்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.

அவள் வண்டியைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"பட்டாளத்துக் கடிதத்தை எங்கட சுவாமியார்தான் வாசிச்சவர். 'பாதிரி பின்னுக்கு உருண்டு நசுக்கினது' எண்டு இருக்கு, எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை எண்டவர். எனக்கும் விளங்கேல்லை. இருபத்தொரு வருசம். இதுவோ அண்ணை அது?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் சொல்லேல்லை நீங்கள்."

"உனக்கு வேதனையாய் இருக்கும் எண்டு..."

"காட்டுங்கோ. எப்பிடி நடந்தது எண்டு இதில காட்டுங்கோ."

அவன் மறுத்துப் பார்த்தான். அவள் வண்டியைத் தூக்கி அவன் முன்னால் வைத்தாள். லோறன்ஸ் ஒரு பலகையை எடுத்து, ஒரு பக்கம் அரத்தை முட்டுக்கொடுத்துச் சரிவாக்கினான். பின்னால் ஒரு தீப்பெட்டியை நிறுத்தினான்.

"இது வேலைத்தளத்துச் சுவர். வண்டி இப்பிடி நிண்டது. கிறகோரி இதுக்கும் சுவருக்கும் இடையில குந்தியிருந்து, இழுக்கிற சங்கிலிக்கு ஆணி பூட்டினவன். சக்கரத்துக்குக் கட்டை வைக்கேல்லை. வண்டி ஒரு முழம்தான் பின்னுக்கு வந்தது. அவ்வளவுதான்."

ஜோசப்பின் குனிந்து வண்டியின் உள்ளே பார்த்தாள். தான் வளைத்த இரண்டு பிடிகளையும் பார்த்தாள். நகத்தால் ஒன்றைத் தொட்டாள்.

"இதைக் கொளுவினால் சரிவிலயும் நிக்கும் எண்டியள்."

லோறன்ஸ் வண்டியை எடுக்கக் கை நீட்டினான்.

"கொளுவாமல் விட்டிருந்தால் அவர் பின்னால போய்க் குந்த முன்னமே உருண்டிருக்கும். அவர் குந்தியிருந்து ஆணி பூட்டுற மட்டும் நிண்டதெண்டால் கொளுவித்தான் இருந்திருக்கவேணும். பின்னால குந்தியிருக்கிற மனிசன் முன்னால இருக்கிற பிடியைக் கழட்டேலாது." அவள் நிமிர்ந்தாள். "உள்ளுக்குள்ள ஆர் அண்ணை இருந்தது?"

முற்றத்தில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அருளம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"நான்" என்றான் லோறன்ஸ்.

ஒரு சொல் வெளியே வந்ததும் மிச்சமும் தானாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். எகிப்து வேலைத்தளத்துக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேர் மட்டும். களைப்பாற அவன் ஓட்டுநர் இருக்கையில் போய் இருந்தான். பிடிகள் இளக்கமாய் இருக்கின்றனவா என்று பார்க்கக் கொளுக்கியைக் கழற்றினான். கிறகோரி தண்ணி எடுக்கப் போயிருப்பான் என்று நினைத்தான். எட்டிப் பார்க்கவில்லை. குரல் கொடுக்கவில்லை. வண்டி அசைந்தபோது பிடித்து இழுத்தான்தான். அதற்குள் முடிந்துவிட்டது.

"சார்ஜன்ற் வந்து கேட்டான், உள்ளுக்கு இருந்தது ஆர் எண்டு. ஒருத்தரும் இல்லை எண்டனான். பயம். மறியலில போடுவாங்கள் எண்டு பயம். ஏன் கட்டை வைக்கேல்லை எண்டான். குடிச்சிருந்தவன் எண்டனான். முதல் நாள் பின்னேரம் ரெண்டு பேருமாய்த்தான் பியர் குடிச்சனாங்கள், ஆளுக்கு ஒரு போத்தல். காலமை அவன் தேத்தண்ணி தவிர ஒண்டும் தொடேல்லை. நான் தான் சொன்னனான், ஜோசப்பின். என்ர வாயால."

ஜோசப்பின் அழவில்லை. அவன் எதிர்பார்த்தபடி மண்ணள்ளித் திட்டவும் இல்லை. சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக, பசை ஏதோ ஒட்டியிருப்பது போல.

"அந்தாள் குடிக்கிறதில்லையே எண்டு நான் மாமியிட்டச் சொன்னனான். பட்டாளத்துக்குப் போனால் பழகியிருப்பான் எண்டவா. பிறகு நானும் நம்பிட்டன். என்ர மனிசனை நானே நம்பேல்லை, உங்களை நம்பினன்."

எழுந்து வாசல் வரை போனாள். திரும்பி நின்றாள்.

"எனக்குச் சொன்னது காணாது. கரைக்கு வந்து சொல்லுங்கோ. ஆக்கள் வலை இழுத்து முடிச்சு நிக்கிற நேரம், எல்லாருக்கும் கேக்கத்தக்கதாய்."

அருளம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று அடுப்பு எரிந்தது, சோறு வந்தது, கதை வரவில்லை. மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"பதினேழு வருசம் பக்கத்தில படுத்தனான். ஒரு நாளாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்." பிறகு சொன்னாள்: "சனிக்கிழமை முதல் பஸ். நானும் வாறன்."

சனிக்கிழமை அவர்கள் கரையில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கரைவலை இழுத்து முடிந்து, மீன் குவியலைச் சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஜோசப்பினும் நேசமலரும் முதல் நாளே வந்து, தோணியொன்றின் நிழலில் நின்றார்கள். வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியாக நின்றவன் கிறகோரியின் தமையன் சவிரிமுத்து. தம்பி குடித்துச் செத்தான் என்ற அவமானத்தில் தன் வலையில் குடித்துவிட்டு வருகிற எவனையும் சேர்க்காத ஆள்.

"என்ன லோறன்ஸ், கண்டு கனகாலம்" என்றான் சவிரிமுத்து.

லோறன்ஸ் நின்ற இடத்திலேயே சொன்னான். அலைச் சத்தத்தில் முதல் இரண்டு வசனமும் யாருக்கும் கேட்கவில்லை. "பலமாச் சொல்லுங்கோ" என்றாள் ஜோசப்பின். திரும்பவும் முதலிலிருந்து சொன்னான். கிறகோரி குடிக்கவில்லை என்று சொன்னான். வண்டியை அசைத்தது தான் என்று சொன்னான். விசாரணையில் பொய் சொன்னதையும், பெட்டியோடு வந்த அன்று இதே கரையில் தலையாட்டியதையும் சொன்னான். அருளம்மா அவன் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் பக்கத்திலிருந்து விலகவும் இல்லை.

ஒரு கிழவன் காறித் துப்பினான். சவிரிமுத்து கையிலிருந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றி முடித்தும் சுற்றினான். பிறகு ஈர மணலில் அப்படியே குந்திவிட்டான்.

"ஒரு பூசை ஒப்புக்குடுக்கேல்லையடா நான்" என்றான். "அவன்ர பேருக்கு ஒரு பூசை. குடிச்சுச் செத்தவனுக்கு என்ன பூசை எண்டு இருந்திட்டன். இருபத்தொரு வருசம் என்ர தம்பி அங்க தனியக் கிடந்திருக்கிறான்."

அந்தப் பெரிய மனிதன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை லோறன்ஸ் சாகும்வரை மறக்கவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

அன்றே கிளிநொச்சிச் சுவாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் பாவமன்னிப்புக் கொடுத்தார். பட்டாளப் பதிவுக் கந்தோருக்கும் எழுதச் சொன்னார். லோறன்ஸ் எழுதினான். எட்டு மாதத்துக்குப் பிறகு, கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறியலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இவ்வளவு காலமும் எதற்குப் பயந்தானோ அது ஒரு கோப்புக்குள் இரண்டு வரியாய்ச் சுருங்கிக் கிடந்தது என்பது அவனை இன்னும் வெட்கப்படுத்தியது. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். அவனுக்கு இறங்கவில்லை. முன்பு மூடிக் கிடந்தது, இப்போது திறந்து கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி இந்த வண்டி செய்யமாட்டேன் என்று எஞ்சினியரிடம் சொன்னான். பதினொரு பொதிக்குரிய துண்டுகள் பாதியில் நின்றன. அவர் சங்கத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் ஜோசப்பின் ஆள் அனுப்பினாள். தொடங்கினதைத் தான் முடித்துத் தருவதாகவும், துண்டுகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியும். லோறன்சின் கொட்டிலுக்கு அவள் வரவில்லை. கடைசிப் பதினொன்றையும் தனியே இருந்து செய்தாள். அந்த வண்டியை ஏன் கையால் தொட மனம் வந்தது என்று நேசமலர் கேட்டதற்கு, "வண்டி என்ன செய்யும்?" என்றாளாம்.

கார்த்திகை ஆத்துமாக்கள் திருநாளன்று கரைக் கோயிலில் கிறகோரியின் பெயரைச் சொல்லிப் பூசை நடந்தது. லோறன்ஸ் போய்க் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆவணியில் நேசமலருக்குப் புதுக்குடியிருப்பு மாப்பிள்ளை பொருந்தியது. அவனுக்கு அழைப்பு வரவில்லை. வராதது சரி என்றே அவனும் நினைத்தான்.

கலியாணம் முடிந்து சில மாதத்தில் ஒரு நாள், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவனின் பக்கத்தில் ஜோசப்பின் வந்து நின்றாள். ஒன்றரை வருடமாகப் பேசாதவள். றோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்டைக்குக் காலமை அவர் என்ன கதைச்சவர்?"

லோறன்சும் றோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"உன்ர கடிதம் வந்திருந்தது. பிள்ளைக்கு முதல் பல்லு முளைச்சது எண்டு எழுதியிருந்தாய். மேல் பல்லோ கீழ்ப் பல்லோ எண்டு நீ எழுதேல்லை எண்டு ஏசினவன். காலமை முழுக்க அதே கதைதான்."

"கீழ்ப் பல்லு" என்றாள் ஜோசப்பின்.

முல்லைத்தீவு பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மாதத்துக்கொரு தரம், சந்தை நாளில் அதே இடத்தில் கண்டால், ஒரே ஒரு கேள்வி கேட்பாள். கூடாரத்தில் எந்தப் பக்கம் படுத்தவர், அங்கே கடல் தெரியுமோ, கருவாடு கிடைக்கேல்லை எண்டு ஏசினவரோ. அவனை மன்னித்தாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவனும் கேட்கவில்லை. ஞாபகத்தில் இருந்ததை மட்டும் சொன்னான். இல்லாததற்கு, "தெரியாது, ஜோசப்பின்" என்று சொல்லிவிட்டு அவளோடு சேர்ந்து பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.